வாடிக்கையாளர்களே உரிமையாளர்களான புத்தகக் கடை: அமெரிக்கக் கல்லூரி நகரில் உள்ளூர் வணிகம் நிலைப்பது எப்படி?

அமெரிக்காவில் பெரிய வணிக வளாகங்கள் பல ஆளரவமின்றி மூடப்பட்டு வரும் நிலையில், நியூயார்க் மாநிலத்தின் இத்தாகா நகரில் உள்ள டிவிட் மால் என்ற சிறிய வளாகம், உள்ளூர்க்காரர்களின் கடைகளைக் கொண்டு அரை நூற்றாண்டாக இயங்கி வருகிறது.

2020-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இத்தாகாவில் சுமார் 32 ஆயிரம் பேர் வசிக்கின்றனர். 1865-இல் நிறுவப்பட்ட கார்னெல் பல்கலைக்கழகமும் இத்தாகா கல்லூரியும் இங்கு உள்ளன. கல்வி நிறுவனங்களைச் சார்ந்தே பொருளாதாரம் இயங்கும் இத்தகைய ஊர்கள் அமெரிக்காவில் கல்லூரி நகரங்கள் என அழைக்கப்படுகின்றன.

பள்ளிக்கூடம் வளாகமானது

டிவிட் மால் அமைந்துள்ள கட்டடம் முன்பு பள்ளிக்கூடமாக இருந்தது. 1970-களின் தொடக்கத்தில், உள்ளூர்க் கட்டடக் கலைஞர் வில்லியம் டவ்னிங் அதை இடிக்காமல் மாற்றியமைத்தார். கீழே கடைகளும், மேல்தளங்களில் குடியிருப்புகளும் அமைந்தன.

1973-இல் நண்பர்கள் சிலர் இங்கு தொடங்கிய மூஸ்வுட் சைவ உணவகம், பணியாளர்களே கூட்டாக நடத்திய நிறுவனமாகப் பல ஆண்டுகள் இயங்கியது. அதன் உணவுகளை அடிப்படையாகக் கொண்டு மோலி கேட்சன் எழுதி 1977-இல் வெளியான சமையல் நூல், அமெரிக்க வீடுகளில் சைவ உணவைப் பரவலாக்கிய நூல்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

பெரிய வளாகங்களின் பலவீனம்

வழக்கமான வணிக வளாகங்கள், கூட்டத்தை ஈர்க்கும் ஒன்றிரண்டு பெரிய கடைகளை நம்பியே கட்டப்படுகின்றன. அக்கடை மூடப்பட்டால், வாடகையைக் குறைத்துச் செலுத்தவோ, இடத்தைக் காலி செய்யவோ மற்ற கடைகளுக்குப் பல ஒப்பந்தங்கள் உரிமை அளிக்கின்றன. இதனால் ஒரு கடையின் வீழ்ச்சி வளாகம் முழுவதையும் பாதிக்கிறது. தொடர் நிறுவனங்களின் கிளைகளை மூடும் முடிவும் தொலைவிலுள்ள தலைமையகத்திலேயே எடுக்கப்படுகிறது. டிவிட் மால் அத்தகைய ஒற்றைப் பெரிய கடையை நம்பியிருக்கவில்லை.

2011-இல் வந்த சோதனை

எனினும், உள்ளூர்க் கடை என்பதாலேயே பாதுகாப்பு கிடைத்துவிடுவதில்லை. கோடை விடுமுறையில் மாணவர்கள் ஊரைவிட்டுச் செல்வதால் விற்பனை குறைகிறது. படிப்பு முடிந்ததும் அவர்கள் வெளியேறுவதால், புதிய வாடிக்கையாளர்களை ஆண்டுதோறும் தேட வேண்டியுள்ளது. நூல்களை ஒரே விலையில்தான் விற்க வேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவில் இல்லாததால், இணைய நிறுவனங்கள் தரும் தள்ளுபடியைச் சிறு கடைகளால் ஈடுகட்ட இயலுவதில்லை.

டிவிட் மாலில் இருந்த பஃபலோ ஸ்ட்ரீட் புக்ஸ் என்ற புத்தகக் கடையும் 2011-இல் மூடப்படும் நிலைக்கு வந்தது. அப்போது நகர மக்கள் கூட்டுறவு முறையில் அதை வாங்க முன்வந்தனர். ஒரு பங்கின் விலை 250 டாலர். 600-க்கும் மேற்பட்டோர் பங்கு வாங்கியதில் இரண்டரை லட்சம் டாலருக்கும் கூடுதலாகத் திரண்டது. கடை அவர்களது உடைமையாயிற்று.

அதே ஆண்டில், மற்றொரு கல்லூரி நகரமான ஆன் ஆர்பரில் 1971-இல் ஒற்றைக் கடையாகத் தொடங்கி, நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான கிளைகளாக வளர்ந்த பார்டர்ஸ் நிறுவனம் திவாலாகி, அனைத்துக் கிளைகளையும் மூடியது.

கூட்டுறவின் எல்லை

பங்குத் தொகை கடையைக் கைமாற்ற உதவுமே தவிர, மாத வாடகையையும் ஊழியர் ஊதியத்தையும் தொடர்ந்து ஈட்டித் தராது. அவற்றை அன்றாட விற்பனையே ஈடுசெய்ய வேண்டும். பங்குதாரர்களும் தங்களுக்கான நூல்களை அங்கேயே வாங்கினால்தான் கடை நிலைக்கும். ஆனால், கடையைத் தொடர்வதா மூடுவதா என்ற முடிவு இப்போது அந்த ஊர் மக்களின் கையிலேயே உள்ளது.