ஆயுளுக்கும் ஓர் அம்ப்

ரிவர்ஸ்டன் என்றால் காற்று. மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ஏறும் பாதை கணவாயைத் தொடும் இடத்தில், சில நாட்களில் காரின் கதவைத் திறக்கவே இரண்டு கையும் வேண்டும். இன்னும் மேலே, மலை உச்சியில் அலைபரப்புக் கோபுரம். வார இறுதியில் கொழும்பிலிருந்து வருகிறவர்கள் அதுவரை நடந்து போய்ப் படம் பிடித்துக்கொண்டு, பிட்டவல பத்தனைப் புல்வெளியையும் பார்த்துவிட்டு, இருட்டுமுன் இறங்கிவிடுவார்கள். மலையின் கீழே வீடு வைத்திருப்பவர்களுக்கு இதே இடம் வேறு முகம் காட்டும். இரண்டு பருவ மழையும் எட்டிப் பார்க்கும். சுவரில் ஈரம் காய்ந்து முடிவதற்குள் அடுத்த மழை வந்துவிடும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் இடி. கம்பியில் கிளை முறிந்து விழுந்தால் கரண்ட் போகும். திரும்பி வரும்போது எத்தனை வோல்ட்டோடு வரும் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள்.

இங்கே ஒரு அம்ப்ளிஃபயர் முப்பது வருடம் பாடினால், அது எங்கேயும் பாடும். ஆகவே “ஆயுளுக்கும் ஒன்றே போதும் என்கிற மாதிரி ஓர் அம்ப் சொல்லுங்கள்” என்று யாராவது கேட்டால், ஏ.சி. போட்ட கொழும்புக் காட்சியறையை மறந்துவிட்டு, இந்த மலையடிவாரத்து வீடுகளை நினைத்துத்தான் நான் பதில் சொல்வது. கெடாத அம்ப் இதுவரை யாரும் செய்யவில்லை. பக்கத்து ஊர் பாஸ் பிரித்துத் திருத்தக்கூடிய அம்ப் இருக்கிறது. தேட வேண்டியது அதைத்தான்.

கடைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது வாட் கணக்கு. பெட்டியின் முன்னால் பெரிய எழுத்தில் 1000 வாட், 2000 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். பக்கத்தில் பொடி எழுத்தில் பி.எம்.பி.ஓ. வாட் அளவுகளிலேயே கூச்சமில்லாதது இதுதான். எப்படி அளக்க வேண்டும் என்று எந்தத் தர நிறுவனமும் விதி வகுக்காத அளவு. செட்டைத் திருப்பி, கரண்ட் வயர் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தகட்டைப் படியுங்கள். 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், 60 வாட் என்று இருக்கும். சுவரிலிருந்து 60 வாட் எடுக்கும் சாமான் ஸ்பீக்கருக்கு 1000 வாட் கொடுப்பதென்றால் அதை ரிவர்ஸ்டனில் வைத்து ஊருக்கே மின்சாரம் வழங்கலாம். அமெரிக்காவில் இந்த விளம்பரப் பொய் தாங்காமல்தான் 1974-இல் மத்திய வர்த்தக ஆணையம் சட்டவிதி கொண்டுவந்தது: வீட்டு அம்ப் விற்பவர், அது தொடர்ந்து கொடுக்கக்கூடிய வாட்டை, எத்தனை ஓமில், எவ்வளவு சிதைவோடு என்று சேர்த்தே சொல்ல வேண்டும். நல்ல கம்பனிகள் இன்றும் அப்படித்தான் எழுதுகின்றன. “8 ஓமில் 40 வாட், இரண்டு சனலும் ஓடும்போது” என்று எழுதியிருந்தால் அந்த 40-ஐ நம்பலாம்.

சரி, 40 வாட் போதுமா? தாராளமாக. நடுத்தரமான ஒரு ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 87 டெசிபெல் சத்தம் வரும். நாம் சாதாரணமாகப் பேசிக்கொள்வது 60 சொச்சம். அதாவது முன் அறையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கும்போது பெரும்பாலான நேரம் அம்ப் கொடுப்பது 1 வாட்டுக்கும் குறைவு. வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபெல்தான். காதுக்குச் சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் வாட் பத்து மடங்காக வேண்டும். 50 வாட்டுக்கும் 70 வாட்டுக்கும் ஆயிரக்கணக்கில் விலை வித்தியாசம் கேட்டால் தயங்காமல் 50-ஐ எடுங்கள்.

ஆனால் மீதம் இருக்க வேண்டும். கச்சேரிப் பதிவு ஒன்றில் பாட்டு அமைதியாகப் போய்க்கொண்டிருக்கும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் ஓர் அடி விழும். அந்த ஒரு கணத்துக்குச் சராசரியைப் போல பத்து மடங்கு சக்தி வேண்டும். தவில் என்றால் கேட்கவே வேண்டாம். கொடுக்க முடியாத அம்ப் அந்த அலையின் தலையைச் சீவிவிடும். அடி ‘தொம்’ என்று விழாமல் தகரத்தில் தட்டியதுபோல் விழும். ஆகவே அம்ப்பைச் சோதிக்கக் கடைக்குப் போகும்போது, கடைக்காரர் போடும் பாட்டை விட்டுவிட்டு, உங்களுக்கு நன்றாகப் பழகிய ஒரு தவில், மிருதங்கப் பதிவைக் கொண்டுபோய்ப் போடச் சொல்லுங்கள்.

அந்த மீதம் வருவது டிரான்ஸ்ஃபோமரிலிருந்தும் பக்கத்தில் நிற்கும் இரண்டு பெரிய கெபாசிட்டரிலிருந்தும். அதனால்தான் பழைய பாஸ்மார் அம்ப்பைப் பார்த்ததும் முதலில் ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் கனமாக இழுத்தால் உள்ளே செம்பும் இரும்பும் இருக்கிறது என்று அர்த்தம். டிரான்ஸ்ஃபோமர் ஒழுங்காகச் சுற்றப்பட்டிருந்தால் மனிதர் ஆயுளைத் தாண்டும். முதலில் வயதாவது கெபாசிட்டருக்கு. உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் மெதுவாகக் காய்கிறது. அதன் உடம்பிலேயே எழுதியிருக்கும்: 85 டிகிரி அல்லது 105 டிகிரி. 105 டிகிரியில் 2000 மணி நேரம் உழைக்கும் என்று கம்பனி சொன்னால், சூடு 10 டிகிரி குறையக் குறைய ஆயுள் இரட்டிப்பாகும் என்பது துறையில் எல்லாரும் வைத்திருக்கும் கணக்கு. 65 டிகிரியில் 32,000 மணி. நாளுக்கு மூன்று மணி நேரம் பாட்டுக் கேட்டால் 29 வருடம். இன்னும் 10 டிகிரி குறைத்தால் 58. ஹீட் சிங்கை ஒட்டிக் கெபாசிட்டரை நிறுத்தியிருக்கும் அம்ப்பையும், இரண்டுக்கும் நடுவே நாலு விரல் இடம் விட்டிருக்கும் அம்ப்பையும் கண்ணாலேயே பிரித்தறியலாம். மூடியைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

இந்த விஷயத்தில் உலகம் முழுக்க எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது என்.ஏ.டி. 3020. லண்டனில் தொடங்கிய கம்பனி. எரிக் எட்வர்ட்சென் வடிவமைத்து 1978-இல் வெளிவந்தது. சனலுக்கு 20 வாட் என்று அடக்கமாக எழுதியிருந்தார்கள். முகப்பைப் பார்த்தால் ஒன்றுமே தோன்றாது, சாம்பல் நிறப் பெட்டி. ஆனால் பாரமான ஸ்பீக்கரை மாட்டினால் அந்த 20 வாட்டைத் தாண்டிக் கணநேரம் கொடுக்கும் வலு உள்ளே இருந்தது. லட்சக்கணக்கில் விற்றது. இன்றும் பாவித்த சாமான் சந்தையில் நிற்பதற்குக் காரணம், உள்ளே இருப்பதெல்லாம் தனித்தனி டிரான்சிஸ்டர்கள்; ஒன்று போனால் அதற்கு நிகரான வேறொன்றைத் தேடிப் போடலாம். இன்னொரு பெயர் குவாட். பீட்டர் வாக்கர் 1936-இல் தொடங்கிய ஆங்கிலேயக் கம்பனி. அவர்களுடைய 303 வந்தது 1967-இல், 405 வந்தது 1975-இல். இரண்டையும் இன்றுவரை திருத்திப் பாவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கம்பனி இருப்பதும் இல்லாததும்கூட இதில் இரண்டாம்பட்சம். சன்சுய் 2014-இல் திவாலானது, ஒன்கியோ 2022-இல். எண்பதுகளில் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் பெட்டி கட்டிக் கொண்டுவந்த ஜப்பான் செட்டுகள் அந்தச் செய்தி தெரியாமலே பல வீடுகளில் பாடிக்கொண்டிருக்கின்றன.

எல்லாப் பழைய ஜப்பான் செட்டும் அப்படியல்ல. பலவற்றில் எஸ்.டி.கே. என்று தொடங்கும் எண்ணுள்ள ஒரு கறுப்புக் கட்டி இருக்கும். சான்யோ செய்தது, அம்ப்பின் முழுப் பலமும் அந்த ஒரு கட்டிக்குள். அது எரிந்தால் கட்டியோடு மாற்ற வேண்டும். சான்யோவின் அந்தப் பிரிவு 2011-இல் கைமாறிவிட்டது; இப்போது கடைகளில் அசல் என்று கிடைப்பதில் போலி அதிகம். தொஷிபாவின் பெயரில் வரும் சி5200, ஏ1943 டிரான்சிஸ்டர்களிலும் போலி உண்டு. ஆனால் அவற்றுக்கு மாற்று வழி இருக்கிறது, கட்டிக்கு இல்லை. ஆயுளுக்கும் என்று வாங்குகிறவர் எஸ்.டி.கே. செட்டைத் தவிர்ப்பது நல்லது. வால்வு அம்ப்பைப் பற்றியும் கேட்பார்கள். சத்தம் இனிமை, பார்க்க அழகு. ஆனால் உள்ளே 400 வோல்ட் ஓடும், வால்வு தேயும், புதியது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். பொழுதுபோக்காக வைத்திருங்கள், ஒரே அம்ப்பாக வைக்காதீர்கள்.

பாவித்ததை வாங்கும்போது இலங்கையில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த சாமான் 100 வோல்ட்டுக்கானது. அதை நம் 230-இல் சொருகினால் புகை வரும் நேரம்கூட ஆகாது. தனியே ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபோமர் வேண்டும். அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்றுமதிக்கென்று செய்தவற்றில் பின்பக்கம் ஒரு சிறு வட்டத் திருகி இருக்கும்: 110, 127, 220, 240. இலங்கையின் மின் வழங்கல் வரையறை 230, கூடவோ குறையவோ 6 சதவீதம். அதாவது 244 வரை வரலாம். திருகியை 240-இல் வையுங்கள். கரண்ட் கொடுக்குமுன் பாஸ் என்ன செய்கிறார் என்று பாருங்கள். தேர்ந்தவர் நேராகச் சுவரில் சொருகமாட்டார். இடையே பழைய 100 வாட் மின்குமிழ் ஒன்றைத் தொடராக மாட்டுவார். குமிழ் ஒரு தடவை பளிச்சிட்டு மங்கினால் அம்ப் சுகமாக இருக்கிறது. பளீரென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷோர்ட். ஆனால் குமிழ் குறுக்கே நின்றதால் டிரான்ஸ்ஃபோமர் பிழைத்தது. அடுத்து மல்டிமீட்டரை ஸ்பீக்கர் முனையில் வைத்து நேர்மின்னோட்ட வோல்ட்டைப் பார்ப்பார். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதைவிட மிஞ்சிப் போனால் உங்கள் ஸ்பீக்கரின் சுருளைச் சுட்டுவிடும். வொல்யூமைத் திருகும்போது வரும் கரகரப்புக்கு மட்டும் பயப்பட வேண்டாம், அது தூசி. காண்டாக்ட் கிளீனர் அடித்தால் போகும். அந்தக் கரகரப்பைக் காட்டி விலை குறைக்கலாம்.

வாங்கியபின் ஈரம். இந்த மலைப்பக்கத்தில் ஏலக்காயை ஈரத்தோடு மூட்டை கட்டுகிறவர் யாருமில்லை. அதே வீட்டில் அம்ப்பைக் குளிர்ந்த சுவரோடு ஒட்டி, மேலே பூ வேலை செய்த துணி போர்த்தி வைப்பார்கள். உள்ளே ஸ்பீக்கரை இணைக்கும் ரிலேயின் முனைகள் பாசி பிடித்ததுபோல் கறுத்து, ஒரு பக்க ஸ்பீக்கர் வந்து வந்து போகும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், துணியை எடுத்துவிடுங்கள், பாட்டுக் கேட்காவிட்டாலும் வாரத்தில் சில மணி நேரம் போட்டு வையுங்கள். அம்ப்பின் சொந்தச் சூடுதான் அதற்கு மருந்து. அந்தச் சூட்டைத் தேடிப் பல்லியும் எறும்பும் வரும். காற்றுத் துளை வழியே போன பல்லி பலகையின் இரு முனைக்குக் குறுக்கே படுத்து, தானும் செத்து அம்ப்பையும் எரித்துவிட்ட கதை எந்தத் திருத்தும் கடையிலும் கிடைக்கும். துளைகளுக்கு உள்பக்கமாக மெல்லிய வலை ஒட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள். இடிக்கு வலையும் இல்லை, ஸ்பைக் கார்டும் போதாது. வானம் கறுத்தால் பிளக்கைக் கழற்றுங்கள், அன்டெனாவையும் சேர்த்து. சுவிட்சை மட்டும் அணைத்தால் சரி என்று நினைப்பவர்கள்தான் அடுத்த நாள் கடைக்கு வருகிறார்கள்.

டி வகுப்பு அம்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. எடை இல்லை, சூடு இல்லை, எடுக்கும் மின்சாரத்தில் 90 சதவீதம்வரை ஸ்பீக்கருக்குப் போய்ச் சேர்கிறது. சூரியத் தகட்டில் ஓடும் வீட்டுக்கு அருமை. சத்தமும் இப்போது நன்றாகவே இருக்கிறது. ஆனால் உள்ளே கடுகளவு பாகங்கள், சூட்டுக்கோலுக்கு அகப்படாதவை. போனால் பலகையோடு போகும். இணையத்தில் பாட்டு இழுக்கும் வசதியை உள்ளேயே வைத்துக் கட்டிய அம்ப் அதைவிட மோசம், அதன் ஆயுளை மென்பொருள்காரர் தீர்மானிக்கிறார். சோனோஸ் கம்பனி 2020-இல் தன் பழைய கருவிகளுக்கு இனிப் புது மென்பொருள் வராது என்று அறிவித்தபோது, கெட்டுப்போகாத கருவிகள்தான் பழையனவாயின. அம்ப்புக்குப் பின்னால் சிவப்பு, வெள்ளை ஆர்.சி.ஏ. துளைகள் இருந்தால் போதும். கெசட், சீ.டி., தொலைபேசி எல்லாம் அதன் வழியேதான் வந்தன. அடுத்து வருவதும் அதற்கொரு வயரோடுதான் வரும்.

2022-ஐ இங்கே யாரும் மறந்திருக்கமாட்டார்கள். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு, டொலர் இல்லை, அவசியமில்லாதவை என்று நூற்றுக்கணக்கான சாமான்களின் இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியது. கம்பனிப் பலகை வந்தால்தான் திருத்த முடியும் என்ற நிலையிலிருந்த செட்டுகள் அலுமாரிக்கு மேல் ஏறின. பழைய பலகையிலிருந்து கழற்றிய டிரான்சிஸ்டரை மாட்டினால் ஓடும் செட்டுகள் ஓடின. இந்த நாட்டு ஒலிபரப்பே அப்படித்தான் பிறந்தது. எட்வர்ட் ஹார்ப்பரும் தந்தித் திணைக்களப் பொறியியலாளர்களும் கொழும்பில் முதலில் பரிசோதித்த ஒலிபரப்பி, பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிப் பாகங்களைக் கொண்டு கட்டியது. முறையான ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16-இல் தொடங்கியது.

ஆகவே என் சிபாரிசு இது: 30 முதல் 60 வாட்வரை, டி வகுப்பாக இல்லாமல் வழக்கமான ஏ.பி. வகுப்பு, தனித்தனி டிரான்சிஸ்டர், கனமான டிரான்ஸ்ஃபோமர், ஆர்.சி.ஏ. துளை, மின்சுற்றுப் படத்தோடு சேவைக் கையேடு கிடைக்கும் மாடல். புதிதாகவும் வாங்கலாம், பாவித்ததாகவும் வாங்கலாம். பாவித்ததானால் கெபாசிட்டர் மாற்றும் செலவையும் விலையில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வீட்டில் மாமாவோ சித்தப்பாவோ சவூதியிலிருந்து கொண்டுவந்த அம்ப் பரணில் கிடந்தால், பழைய இரும்புக்காரருக்கு நிறுத்துக் கொடுப்பதற்குமுன் ஒரு தடவை பாஸிடம் காட்டுங்கள். நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் அம்ப் அதுவாகவே இருக்கலாம்.