கணினி கேட்கும் முதல் கேள்வி: ‘நீ யார்?’

தேக்காவிலிருந்து சற்று நடந்தால் ஜாலான் புசாரில் சிம் லிம் டவர். மின்னணுவியல் திட்டப்பணி செய்யும் மாணவர்களுக்கு அங்குள்ள உதிரிபாகக் கடைகள் நன்கு பழக்கம். அங்கே வாங்கிய சிறு மைக்ரோகண்ட்ரோலர் பலகையை மடிக்கணினியில் செருகுகிறோம். அடுத்த நொடியே திரையில் அறிவிப்பு வருகிறது. வந்திருப்பது இன்னதென்று கணினிக்கு யார் சொன்னது?

பல்கலைக்கழகத்தில் கணினியியல் படிக்கும் நான், இதற்கு விடை தேடி ஒரு சிறு நிரல் எழுதிப் பார்த்தேன். லினக்ஸ் இயங்குதளம், இணைந்திருக்கும் ஒவ்வொரு யுஎஸ்பி சாதனத்துக்கும் ஒரு கோப்புறை வைத்திருக்கும். அதற்குள் தயாரிப்பாளர் எண், பொருள் எண் என்று சின்னச் சின்னக் கோப்புகள். அவற்றைப் படித்து அச்சிட பைத்தானில் பத்து வரி போதும். விண்டோஸ் பயன்படுத்துவோர் பவர்ஷெல்லில் ஒரே கட்டளையில் இதைச் செய்துவிடலாம்.

என் திரையில் வந்த எண்களில் 8087 என்பது இன்டெல். 1980ல் அந்நிறுவனம் வெளியிட்ட கணிதச் சில்லின் பெயரும் அதுதான். பொறியாளர்களுக்கும் குறும்பு உண்டு போலும். மற்றொன்று 041ஈ. (பதினாறு அடிப்படையில் எழுதும்போது எழுத்துகளும் இலக்கங்களாகும்.) அது நம் ஊர் கிரியேட்டிவ் நிறுவனத்தின் எண், என் மேசையிலுள்ள ஒலிபெருக்கி அவர்களுடையது.

சாதனத்தைக் கண்டுபிடிக்கும் கலையில் கிரியேட்டிவுக்கு இன்னும் பழைய தொடர்பு ஒன்று இருக்கிறது. சிம் வோங் ஹூ 1981ல் தொடங்கிய அந்நிறுவனம் 1989ல் ‘சவுண்ட் பிளாஸ்டர்’ ஒலி அட்டையை வெளியிட்டது. அப்போது யுஎஸ்பி கிடையாது. கணினிக்குள் என்ன அட்டை இருக்கிறது என்று விளையாட்டு நிரல்கள் தாமேதான் தேட வேண்டும். அவை செய்தது இருட்டில் கதவு தட்டுவதைப் போன்றது. 220 என்ற முகவரியில் அட்டை இருக்கலாம் என்று ஊகித்து, 226க்கு முதலில் 1 அனுப்பும்; சில மைக்ரோநொடி பொறுத்து 0 அனுப்பும்; பிறகு 22ஏ என்ற முகவரியில் காது வைக்கும். அங்கிருந்து 170 என்ற எண் வந்தால் சவுண்ட் பிளாஸ்டர் உள்ளே இருக்கிறது. வராவிட்டால் 240ஐத் தட்டும். அந்த முகவரியில் வேறு ஏதாவது அட்டை இருந்துவிட்டால் கணினியே உறைந்துபோகவும் கூடும். அதனால் பல விளையாட்டுகள் முகவரியைப் பயனாளரிடமே கேட்டுவிடும்.

யுஎஸ்பி இந்த முறையைத் தலைகீழாக மாற்றியது. வடோதராவில் படித்து, அமெரிக்கா சென்ற அஜய் பட் உள்ளிட்ட இன்டெல் பொறியாளர்கள் அதன் உருவாக்கத்தில் முன்னின்றனர். முதல் பதிப்பு 1996ல் வந்தது. சாதனத்தைச் செருகியதும் இரண்டு தரவுக் கம்பிகளில் ஒன்றின் மின்னழுத்தம் உயரும். எந்தக் கம்பி என்பதைப் பார்த்தே அது மெதுவான சாதனமா, வேகமானதா என்று கணினி பிரித்துக்கொள்ளும். பின் ‘நீ யார்?’ என்று கேட்கும். சாதனம் 18 பைட்டுகளில் பதில் தரும். நான் படித்த தயாரிப்பாளர் எண்ணும் பொருள் எண்ணும் அந்த 18க்குள் அடங்கியவை. தொடர்ந்து வரும் விவரங்களில் ‘நான் விசைப்பலகை’, ‘நான் சேமிப்புச் சாதனம்’ என்று தன் வகையையும் சொல்லிவிடும். நாம் எல்லாரும் ‘தம்டிரைவ்’ என்று அழைப்பதும் இப்படித்தான் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. அந்தப் பெயரே 2000ஆம் ஆண்டு சிங்கப்பூரின் டிரெக் 2000 நிறுவனம் வைத்த வணிகப் பெயர்!

ஆனால், சாதனம் சொல்வது அதன் வாய்மொழிதான். அடையாள அட்டையைச் சரிபார்க்க எவரும் இல்லை. ஸ்காட்லாந்தின் எஃப்டிடிஐ நிறுவனத்தின் எண் 0403. அதையே சொல்லிக்கொண்டு போலிச் சில்லுகள் சந்தையில் உலவின. 2014ல் அந்நிறுவனம் விண்டோசுக்கு வெளியிட்ட இயக்கி மென்பொருள், போலிகளைக் கண்டறிந்து அவற்றின் பொருள் எண்ணை 0000 என்று மாற்றியது. பலரது பலகைகள் திடீரென வேலை செய்யவில்லை. போலி என்று அறியாமல் வாங்கியவர்மீது அந்தத் தண்டனை விழுந்தது நியாயமில்லை என்பேன். நிறுவனமும் அந்த இயக்கியைத் திரும்பப் பெற்றது.

அதே ஆண்டு ஆய்வாளர் கார்ஸ்டன் நோலும் அவரது சகாவும் ‘பேட்யுஎஸ்பி’யைக் காட்டினர். தம்டிரைவின் உள்மென்பொருளை மாற்றி எழுதினால் அது ‘நான் விசைப்பலகை’ என்று சொல்லும், கணினி நம்பிவிடும், நாம் தொடாமலேயே கட்டளைகள் தட்டச்சாகும். கிருமித் தடுப்பு மென்பொருள் கோப்புகளைத்தான் சோதிக்கும். ‘விசைப்பலகை’யில் கோப்பு ஏது?

நிரல்வழி சாதனங்களைக் கண்டறிவது ஆய்வகப் பயிற்சியோடு நின்றுவிடும் ஒன்றன்று. எச்ஐவி பதிவேட்டிலிருந்து 14,200 பேரின் விவரங்கள் கசிந்ததை 2019 ஜனவரியில் சுகாதார அமைச்சு அறிவித்தது. அங்கீகரிக்கப்படாத கையடக்கச் சேமிப்புச் சாதனங்கள் அரசாங்கக் கணினிகளில் இயங்காதபடி 2017லேயே தடுக்கப்பட்டுவிட்டதையும் அது அப்போது குறிப்பிட்டது. அப்படித் தடுக்க வேண்டுமானால், செருகப்பட்டது என்ன என்பதைக் கணினி முதலில் கேட்டறிந்தாக வேண்டும்.

என் பத்து வரி நிரல் இப்போது நாற்பது வரியாகிவிட்டது. இரண்டு நொடிக்கு ஒருமுறை பட்டியலைப் பார்க்கிறது. புதிதாக ஒரு விசைப்பலகை முளைத்தால் திரையைப் பூட்டுகிறது. அது முதன்முதலில் பிடித்தது என் கம்பியில்லா மவுஸின் சிறு ஏற்பியை. அதுவும் தன்னை விசைப்பலகை என்றே அறிமுகப்படுத்திக்கொள்கிறது. ஒரே ஏற்பியில் விசைப்பலகையையும் இணைக்கலாம் என்பதால் தயாரிப்பாளர் செய்த ஏற்பாடு அது. அதன் வரிசை எண்ணை விதிவிலக்குப் பட்டியலில் சேர்க்கலாம் என்று பார்த்தால், அந்தக் கோப்பே அங்கு இல்லை.