உங்களுக்குத் தெரியுமா? மீன் வாசம் பட்டால் முள் நீளும்!

டெக்சாஸ் மாநிலம் இர்விங்கிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 2 மணி நேரம் காரில் போனால் ஃபேர்ஃபீல்ட் ஏரி. வட அமெரிக்காவில் முதன்முதலாக 'டாஃப்னியா லும்ஹோல்ட்சி' என்ற நீர்த்தெள்ளு 1990-களின் தொடக்கத்தில் கண்டறியப்பட்டது இங்கேதான். இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகள், ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா இதன் பூர்விகம்.

● உடம்பு கடுகளவு. கண்ணாடி போலத் தெளிவு. லென்ஸில் பார்த்தால் துடிக்கும் இதயமும் முதுகுப் பையில் முட்டைகளும் தெரியும்.

● மீன்கள் நீரில் விடும் வேதிப்பொருளை உணர்ந்தால், வளரும்போது தலைக்கவசம் ஈட்டிபோல் கூராகும். வால் முள்ளும் நீளும். இரண்டும் சேர்ந்தால் உடம்பைவிட நீளம்! சின்ன மீன்கள் விழுங்கத் திணறித் துப்பிவிடும்.

● வெதுவெதுப்பான நீரும் முள்ளை நீட்டும்.

● மரபணு மாறுவதில்லை. அதே தாயின் குஞ்சு மீனில்லாத நீரில் வளர்ந்தால், கவசம் குட்டையாகவே நிற்கும்.

● இதன் உறங்குமுட்டைகள் வறண்ட சேற்றிலும் உயிரோடிருக்கும்; படகோடும் வாளியோடும் வேறு ஏரிகளுக்குப் பரவலாம். எனவே ஏரியை விட்டுக் கிளம்பும்போது படகிலும் தூண்டில் வாளியிலும் உள்ள நீரைக் கரையிலேயே வடித்துவிடுங்கள். ஒரு சொட்டும் அடுத்த ஏரிக்குப் போக வேண்டாம்!