தீர்ப்புக்கு மேலே ஒரு வாசல்

1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளிகளைக் கண்ட படம். ராயபுரத்துக்காரர்கள் நடந்தே போய்விடக்கூடிய பிராட்வே தியேட்டரில் அது ஓடிக்கொண்டிருந்த காலத்தில், கதாநாயகன் எம்.கே.தியாகராஜ பாகவதர் ஒரு கொலை வழக்கில் சிறையில் இருந்தார். பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு இறந்த வழக்கு அது. சென்னை ஐகோர்ட்டில் ஜூரிகள் முன்பு விசாரணை நடந்தது. ஆறு பேர் குற்றவாளி என்றார்கள், மூன்று பேர் இல்லை என்றார்கள். 1945 மே 3-ஆம் தேதி பாகவதருக்கும் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை.

அவர்கள் ஐகோர்ட்டிலேயே போட்ட அப்பீல் தள்ளுபடியானது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார்கள். அப்பீலை மறுபடி கேட்கும்படி அங்கிருந்து வழக்கு திரும்பி வந்தது. வக்கீல் எத்திராஜ் வாதாடினார். நீதிபதிகள் ஹாப்பெல், ஷகாபுதீன் இருவரும் பழைய சாட்சியங்களையே எடுத்து வைத்துப் படித்து, 1947 ஏப்ரலில் இருவரையும் விடுதலை செய்தார்கள். முன்பு ஆயுள் தண்டனைக்குப் போதுமானதாக இருந்த அதே சாட்சியம், இரண்டாம் முறை சல்லடையில் நிற்கவில்லை.

அப்பீல் என்பது இதுதான். மேல்கோர்ட்டில் பொதுவாகச் சாட்சிகள் மறுபடி கூண்டேறுவதில்லை. கீழ்கோர்ட்டில் பதிவான காகிதங்கள்தான் பேசும். காசிமேட்டில் ராத்திரி ஒரு வெட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவிளக்கு வெளிச்சத்தில் ஆளைப் பார்த்ததாக முதல் சாட்சி சொல்லியிருப்பார். போலீஸார் வரைந்த மாதிரி வரைபடத்தில் விளக்குக் கம்பமே இருக்காது. முதல் தகவல் அறிக்கை இரவு பத்து மணிக்குப் பதிவானதாக எழுதியிருக்கும். அது எப்போது கைக்கு வந்தது என்று நடுவர் அதன் மேலேயே நேரம் குறித்துக் கையெழுத்துப் போடுவார். அங்கே மறுநாள் மாலை என்று இருந்தால், இடையில் அத்தனை நேரம் அது எங்கே இருந்தது என்ற கேள்வி எழும். போலீஸ் சரியான விளக்கம் தந்தால் அந்தத் தாமதத்தால் வழக்குக்கு ஒன்றும் ஆகாது. தராவிட்டால் சந்தேகத்தின் பலன் எதிரிக்குப் போகலாம். ஆகவே கீழ்கோர்ட்டில் குறுக்கு விசாரணையில் கேட்காமல் விட்ட கேள்வியை அப்பீலில் கேட்டு வாங்குவது மிகவும் கடினம். நல்ல அப்பீலுக்கு அடித்தளம் விசாரணையின்போதே போடப்படுகிறது.

குற்றவாளி என்ற முடிவை விட்டுவிட்டுத் தண்டனையின் அளவை மட்டும் எதிர்க்கவும் வழி உண்டு. 1908 ஜூலையில் நெல்லை செஷன்ஸ் நீதிபதி பின்ஹே, வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். அது நாற்பது ஆண்டு. அந்த நவம்பரில் ஐகோர்ட் குற்றத்தை உறுதிசெய்து, தண்டனையை மட்டும் ஆறு ஆண்டாகக் குறைத்தது. வ.உ.சி. 1912-இல் வெளியே வந்தார். இன்றும் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவருக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது இந்த வழி ஒன்றுதான். அப்பீல் போட்டால் தண்டனை கூடிவிடும் என்று பயந்து ஒதுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தண்டிக்கப்பட்டவர் போட்ட அப்பீலில் தண்டனையைக் கூட்டச் சட்டம் இடம் தரவில்லை, அதற்குத் தனி நடவடிக்கை வேண்டும்.

செஷன்ஸ் கோர்ட் விதிக்கும் மரண தண்டனையை ஐகோர்ட் உறுதிசெய்யாமல் நிறைவேற்றவே முடியாது. ஆனால் ராஜீவ் காந்தி கொலை வழக்கு தடா சட்டத்தில் நடந்ததால் அப்பீல் நேரே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா கோர்ட் 26 பேருக்கு மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் சுப்ரீம் கோர்ட் உறுதிசெய்தது நான்கு பேருக்கு மட்டும். மூவருக்கு ஆயுள், 19 பேர் வெளியே வந்தார்கள். முதல் தீர்ப்பே கடைசித் தீர்ப்பாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

ராயபுரம் ஸ்டேஷன் வழக்கு ஜார்ஜ் டவுன் நடுவர் கோர்ட்டில் முடிந்திருந்தால், அப்பீல் ஐகோர்ட் வளாகத்தில் இருக்கும் செஷன்ஸ் கோர்ட்டுக்கு. கெடு 30 நாள். செஷன்ஸ் கோர்ட்டே தண்டித்திருந்தால் ஐகோர்ட்டுக்கு, கெடு 60 நாள். மரண தண்டனை என்றால் 30 நாள். தீர்ப்பு நகலின் கடைசிப் பக்கத்தில் நகல் கேட்ட தேதி, தயாரான தேதி, கொடுத்த தேதி எல்லாம் இருக்கும். நகலுக்காகக் காத்திருந்த நாட்கள் கெடுவில் சேராது. கெடு தாண்டினாலும் தகுந்த காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம்.

அப்பீல் எண் விழுந்ததும் முதலில் கேட்பது தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன். ஜாமீனில் இருந்தவருக்கு மூன்று ஆண்டுக்கு மேற்படாத தண்டனை என்றால், அப்பீல் போடுவதற்கு அவகாசமாகத் தண்டித்த கோர்ட்டே ஜாமீன் தரலாம். தீர்ப்பு நாளிலேயே வக்கீல் இதைக் கேட்க வேண்டும்.

காசில்லை என்பதால் இந்த வாசல் மூடக்கூடாது என்று 1978-இல், ஹோஸ்கோட் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் அழுத்தமாகச் சொன்னார். சிறைக்குள் இருந்த ஒருவர் தீர்ப்பு நகல் தன் கைக்கு வரவில்லை என்று பல வருஷம் கழித்து சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்த வழக்கு அது. நகலை இலவசமாகத் தர வேண்டும், அப்பீலுக்கு வக்கீல் வைக்க வசதியில்லாத கைதிக்கு அரசு செலவில் உதவி வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. புழல் சிறையில் இருப்பவர் வெளியே ஆள் இல்லாமலே சிறைக் கண்காணிப்பாளர் மூலம் அப்பீல் அனுப்பலாம். காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தர வேண்டும்.

உங்கள் தெருவில் யாருக்காவது தண்டனை விழுந்தால் அந்தக் குடும்பத்திடம் இதைச் சொல்லுங்கள்: அன்றைக்கே நகலைக் கேட்டு வாங்கட்டும், தேதியைக் குறித்துக்கொள்ளட்டும், வக்கீல் வைக்க வழியில்லை என்றால் ஐகோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போய் மனுக் கொடுக்கட்டும்.