நடந்தால் வலி! நின்றால் இல்லை!
கேள்வி கேட்டே கண்டறிந்த இருதய நோய்

லண்டன் நகரில் வில்லியம் ஹெபர்டன் என்று ஒரு டாக்டர் இருந்தார். 1768-ம் ஆண்டு அவர் அங்குள்ள மருத்துவர் கழகத்தில் ஒரு கட்டுரை படித்தார். அந்த நாளைய மருத்துவ நூல்கள் அதிகம் பேசாத ஒரு நெஞ்சு வலியைப் பற்றியது அது.

அப்போது டாக்டர்கள் நெஞ்சில் வைத்துக் கேட்கும் குழாய் கிடையாது. அது 1816-ல்தான் வந்தது. இ.சி.ஜி. படம் அதற்கும் வெகு நாள் பிந்தியது. ஹெபர்டனிடம் இருந்தவை வாயும் காதும்தான்!

வலி எப்போது வருகிறது? நடக்கும்போது. மேட்டில் ஏறினால்? அதிகம். சாப்பிட்டவுடன் நடந்தால்? இன்னும் அதிகம். நின்றால்? உடனே போய்விடுகிறது! சிலருக்கு வலி இடது கைக்கும் இறங்கியது. சுமார் 20 பேர் இப்படிச் சொன்னார்கள். நெஞ்சை நெரிக்கும் இந்த வலிக்கு ஹெபர்டன் ஒரு பெயர் வைத்தார். "ஆஞ்சைனா" என்று இன்றும் டாக்டர்கள் சொல்லும் பெயர் அதுதான். ஆனால் வலி ஏன் வருகிறது என்பது அவருக்குத் தெரியாது.

கத்தி முறிந்ததா?

அம்மை குத்தும் முறையைத் தந்த எட்வர்டு ஜென்னர், இந்த வலியால் இறந்த ஒருவரின் இருதயத்தை அறுத்துப் பார்த்தார். கரகரவென்று எதிலோ கத்தி இடித்தது. வாயே மழுங்கிவிட்டது! கூரையிலிருந்து காரை விழுந்துவிட்டதோ என்று அண்ணாந்து பார்த்தார். காரை அல்ல. இருதயத்துக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய்கள் எலும்பு போல இறுகிக் கிடந்தன!

ஜென்னர் இதை வெளியிடத் தயங்கினார். காரணம், அவருடைய குருவான ஜான் ஹண்டருக்கும் அதே நெஞ்சு வலி இருந்தது. 1793-ல் ஓர் ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் வாக்குவாதம் முற்றியது. அடுத்த அறைக்குப் போன ஹண்டர் அங்கேயே இறந்தார். அவருடைய குழாய்களும் இறுகியிருந்தன.

"வெறும் வாயுதான்!"

இன்று எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன. ஆனாலும் டாக்டர் முதலில் கேள்விதான் கேட்கிறார். ஓய்வாக இருக்கும்போது எடுத்த இ.சி.ஜி. சரியாக இருந்தாலும் இந்த நோய் இருக்கலாம்.

"வலி உண்டா?" என்றால் பலர் "இல்லை" என்பார்கள். அது பொய்யும் அல்ல. அவர்களுக்கு அது பாரம், இறுக்கம், எரிச்சல். தாடையில் தெரிந்தால் பல்வலி என்று இருந்துவிடுவார்கள். பெண்களுக்கும், வயதானவர்களுக்கும், சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும் சில வேளை வலியே இராது. மூச்சு வாங்கும், காரணம் இல்லாமல் களைப்பு வரும்.

பீடி, சிகரெட் பழக்கத்தைச் சிலர் மனைவி எதிரில் மறைப்பார்கள். தகப்பனாரோ அண்ணனோ இள வயதில் மாரடைப்பால் இறந்ததைச் சொல்ல மறப்பார்கள். ஆகவே கூடப் போகிறவர்களும் வாய் திறக்க வேண்டும். "வெறும் வாயு டாக்டர்" என்பார் கணவர். "கடைக்குப் போகிற வழியில் இரண்டு இடத்தில் நின்றுவிடுகிறார்" என்பாள் மனைவி. டாக்டருக்கு வேண்டிய தகவல் அதுதான்!

உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு இறுகி, வியர்த்துக் கொட்டி, சில நிமிடங்களில் தணியவில்லையா? சோடா வாங்கிக் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. 108-க்குப் போன் செய்து, ஆம்புலன்சில் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.