ஒரகடத்தில் பாடத்திட்டம் யார் கையில்?

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், வல்லம் வடகால், ஒரகடம் வரை நீளும் தொழிற்பட்டையில், வாகனமோ உதிரிபாகமோ செய்யும் ஆலைகளில் லைன் ஓரமாக ஒரு பலகை மாட்டியிருப்பது வழக்கம். இடப்பக்கம் ஆபரேட்டர்களின் பெயர்கள், மேலே ஸ்டேஷன்கள், நடுவில் நான்காகப் பிரித்த வட்டங்கள். கால் வட்டம் நிரம்பியிருந்தால் அவர் இன்னும் பழகுகிறார். அரை வட்டம் என்றால் மேற்பார்வையில் செய்வார், முக்கால் என்றால் தனியாகச் செய்வார், முழுவட்டம் என்றால் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுப்பார். ஸ்கில் மேட்ரிக்ஸ் எனப்படும் இந்தப் பலகையில் ஒரு நல்ல அறிவு இருக்கிறது. எழுதிக் காட்டியதற்கு இங்கே கணக்கில்லை, செய்து காட்டியதற்கே கணக்கு. அதோடு, கற்பிக்கத் தெரிவதைத்தான் திறமையின் உச்சமாக இது வைக்கிறது. ஆனால் அடுத்து எந்த வட்டத்தை நிரப்புவது என்பதைப் பலகையில் பெயருள்ளவர் முடிவு செய்வதில்லை. உற்பத்தித் தேவை முடிவு செய்கிறது. இந்தப் பட்டையில் பயிற்சிக்குப் பஞ்சமில்லை; எதைக் கற்பது என்று தீர்மானிக்கும் உரிமைக்கும், அதற்கான நேரத்துக்கும்தான் பஞ்சம்.

வளர்ந்தவர்கள் கற்கும் விதம் வேறு என்று 1970-களில் விரிவாக வாதிட்டவர் அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ். எதற்காகப் படிக்கிறோம் என்று தெரிந்தால்தான் வளர்ந்தவருக்கு மனம் ஒட்டும். புதியதைத் தன் பழைய அனுபவத்தோடு உரசிப் பார்த்தே ஏற்பார். என்றோ உதவப்போவதைவிட இன்றைய சிக்கலுக்கு உதவுவதை முதலில் பற்றிக்கொள்வார். தன்னைச் சிறுபிள்ளையாக நடத்துவதை அவரால் பொறுக்க முடியாது. நோல்ஸ் தம் 1970 நூலின் துணைத்தலைப்பில் பெரியவர் கல்வியையும் குழந்தைக் கல்வியையும் எதிரெதிராக நிறுத்தினார். 1980 பதிப்பிலோ, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் பாதையாக அதை மாற்றி எழுதினார். அந்தத் திருத்தம்தான் அவருடைய கருத்திலேயே உறுதியான பகுதி என்பேன். எந்த வயதிலும் புதிதாக ஒன்றில் இறங்குபவருக்குக் கைபிடிக்க ஆள் வேண்டும். பழகப் பழக அந்தப் பிடி தளர வேண்டும். கனடாவில் ஆலன் டஃப் என்பவர் 1971-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுச் சேர்த்தது. சாதாரண மக்கள் ஆண்டு முழுவதும் எதையாவது முனைந்து கற்றுக்கொண்டே இருக்கிறார்கள், அதில் பெரும்பகுதியைத் திட்டமிடுவது ஆசிரியரல்ல, கற்பவரே என்று அவர் காட்டினார்.

இதற்குக் கனடா வரை போக வேண்டியதும் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். விவசாயக் கூலிகளும் கல்குவாரிப் பெண்களும் அங்கன்வாடி ஊழியர்களுமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். யாரும் அவர்களுக்குத் தேர்வு வைக்கவில்லை. தண்ணீர் எடுக்க, வேலைக்குப் போக, பேருந்துக்கும் வீட்டு ஆணுக்கும் காத்திராமல் இருக்க அது பயன்பட்டது. ஏற்கெனவே கற்ற பெண் அடுத்த பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்தாள். பலகையில் முழுவட்டம் பெற்றவரின் வேலையை, பலகை இல்லாமலே செய்தார்கள். கற்கும் காரணம் அவரவர் வாழ்க்கைக்குள்ளிருந்து எழுந்தால் வயதும் படிப்பும் தடையாகாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தமிழ்நாட்டில் எனக்குத் தெரியவில்லை.

‘சைக்கிள் வேறு, அசெம்பிளி லைன் வேறு’ என்று ஆலை நிர்வாகத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். நியாயமான மறுப்புதான். வீல் நட்டை எந்த டார்க்கில் முடுக்க வேண்டும் என்பதை ஆளாளுக்குத் தீர்மானிக்க முடியாது. பிரஸ் மெஷினில் செய்து பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்னால் விரல் போய்விடும். புதியவரை வழிகாட்டாமல் விடுவது கற்றலுக்கு உதவாது என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகிய மூவரும் 2006-இல் எழுதிய கட்டுரை கல்வியுலகில் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. தொடக்க நிலையைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னது சரியென்றே நினைக்கிறேன். ஆனால் நேரடியாகச் சொல்லிக்கொடுப்பதிலும் வளர்ந்தவருக்கு ஏற்ற முறை இருக்கிறது. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க ஆலைகளுக்கு லட்சக்கணக்கான புதியவர்கள் வந்தார்கள். அவர்களைப் பழக்க வகுத்த முறையில் நான்கு படிகள்: ஆளைத் தயார்செய், செய்துகாட்டு, அவரைச் செய்யவிடு, பின்பு கவனித்துக்கொள். முதல் படியிலேயே, அந்த வேலையைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று கேட்க வேண்டும். போருக்குப் பிறகு ஜப்பானுக்குப் போன இந்த முறை, இன்று நம் ஆலைகளில் புழங்கும் கைசனின் வேர்களில் ஒன்று. தொழிலாளி யோசித்தால்தான் வேலை மேம்படும் என்பது கைசனின் அடிப்படை. ஸ்டேஷனைப் பற்றி யோசிக்கச் சொல்லும் நிர்வாகம், தன் படிப்பைப் பற்றி மட்டும் அவர் யோசிக்கக் கூடாது என்று எப்படிச் சொல்ல முடியும்?

வயதானால் மண்டையில் ஏறாது என்பது இன்னொரு பேச்சு. புதுப் புதிர்களை வேகமாக அவிழ்க்கும் திறன் வயதோடு குறைவது உண்மைதான். அனுபவத்தில் சேர்ந்த அறிவோ அப்படிக் குறைவதில்லை, நடுவயதிலும் வளர்கிறது. மின்வாகனங்கள் வரும் இந்தக் காலத்தில் இந்த வேறுபாடு பெரிதும் முக்கியம். 1998 முதல் கார் செய்யும் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து இப்போது மின்சார கிரெட்டாவும் வெளிவருகிறது. பெட்ரோல் எஞ்சினோடு பல வருடம் பழகியவருக்கு உயர் மின்னழுத்த பேட்டரி புதிது. ஆனால் ஒரு பாகம் சரியாக உட்காராதபோது கையில் தெரியும் வேறுபாடு, சத்தத்திலேயே பழுதை அறியும் காது, லைன் நின்றால் எங்கே பார்ப்பது என்ற தெளிவு எல்லாம் அவரிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அவரை இருபது வயது டிரெய்னியோடு ஒரே வகுப்பில் உட்காரவைத்து முதலிலிருந்து ஸ்லைடு காட்டினால், இருக்கும் அறிவை எறிந்துவிட்டுத் தொடங்குகிறோம் என்று பொருள்.

பயிற்சி கொடுத்தால் ஆள் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார் என்ற பயமும் உண்டு. சிலர் போவார்கள்தான். ஆனால் ஒரே வட்டத்தை மட்டும் நிரப்பியவருக்கு என்ன நேரும் என்பதை ஸ்ரீபெரும்புதூர் பார்த்திருக்கிறது. 2006-இல் இங்கே தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பர் 1-இல் உற்பத்தியை நிறுத்தியது. நோக்கியாவுக்கு உதிரிபாகம் செய்த பாக்ஸ்கான் ஆலையும் அதே ஆண்டு டிசம்பரில் நிறுத்தியது. செல்போன் லைனில் ஆண்டுக்கணக்கில் தேர்ந்த ஆயிரக்கணக்கானவர்களின் திறமைக்கு அருகில் கேட்பாரில்லாமல் போயிற்று. ஆலை மூடியதற்கு வரி வழக்கும் சந்தையும் காரணங்கள். தொழிலாளி எந்த விதத்திலும் காரணமில்லை. ஆனால் அடுத்த வேலைக்கான படிப்பைத் தேடும் பாரம் முழுக்க அவர் தலையில்தான் விழுந்தது.

அரசு செய்யாமல் இல்லை. 2022-இல் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டம் தொடங்கியது; 71 அரசு ஐ.டி.ஐ.களை நவீனமாக்க 2,877 கோடி ரூபாயில் திட்டம் வந்தது. தொழிற்பேட்டைகளை நடத்தும் அரசு நிறுவனமான சிப்காட்டின், 18,720 பேர் தங்கும் விடுதி வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இவற்றில் படிப்புக்கான பணம் பெரும்பாலும் வேலைக்குப் போவதற்கு முன்னால் இருப்பவருக்கே போகிறது. கேட்டைத் தாண்டி உள்ளே போனவர் வாரந்தோறும் மாறும் ஷிஃப்டுக்கும் கம்பெனி பஸ்ஸுக்கும் நடுவே, தூங்கும் நேரத்தைக் குறைத்துச் செல்போனில் வீடியோ பார்த்தும் தொலைநிலைக் கல்வியில் சேர்ந்தும் படிக்க வேண்டியிருக்கிறது. ‘ஆர்வமில்லை’ என்று இவர்களைக் குறைசொல்பவர்கள், நைட் ஷிஃப்ட் முடிந்து வருபவரின் ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் 2016 முதல் 25 வயது கடந்த குடிமக்கள் ஒவ்வொருவர் பெயரிலும் 500 டாலர் படிப்புக்கணக்கு வைத்து, படிப்பைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவர்களிடமே விட்டது. 2024-இல் 40 வயது கடந்தவர்களுக்கு மேலும் 4,000 டாலர் சேர்த்தது. சம்பளத்தோடு படிப்பு விடுப்பு தர வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1974-இலேயே 140-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை. அதற்காகக் காத்திருக்காமல், இந்தப் பட்டையின் ஆலைகளும் சிப்காட்டும் சேர்ந்து, பெர்மனென்ட், கான்ட்ராக்ட் என்று பிரிக்காமல், வாரத்தில் இரண்டு மணி நேரத்தையாவது ஷிஃப்டுக்குள்ளேயே சம்பளத்தோடு ஒதுக்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தில் வெல்டிங் படிப்பதா, பி.எல்.சி. படிப்பதா, கணக்கியலா, தொழிலாளர் சட்டமா என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும்.