முதல் கிக்குக்கு முன்னால்

பத்துப் பதினைந்து வருஷம் மாட்டுக்கொட்டகையில் நின்ற புல்லட்டை வெளியே தள்ளிக்கொண்டு வந்ததும், சுற்றி நிற்பவர்களில் ஒருவர் கட்டாயம் சொல்வார்: “ஒரு கிக் அடிச்சுப் பாருப்பா.” பல வண்டிகள் அந்தக் கிக்கில்தான் கெடுகின்றன. அதுவரை நடந்த சேதம் துருவால் வந்தது. அதற்கு மருந்து உண்டு. காய்ந்த சிலிண்டருக்குள் ஒட்டிக் கிடக்கும் பிஸ்டனை உதைத்து நகர்த்தினால் ரிங் ஒடியும், சிலிண்டர் சுவரில் கோடு விழும். சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை, லேத் பட்டறைக்குப் போய் போர் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன் தேடுகிற வேலையாக மாறிவிடும்.

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கிராமங்களில் இப்படி நிற்கும் வண்டிக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு தாத்தாவோ, ஓய்வுபெற்ற அரசு ஊழியரோ, வெளியூர் போய்விட்ட மகனோ இருப்பார். பெரம்பலூர் மாவட்டத் தலைநகருக்கு இன்றுவரை ரயில் நிலையம் கிடையாது. அரியலூருக்கு விழுப்புரம் – திருச்சி கார்டு லைன் இருந்தாலும், உள்ளே ஆண்டிமடம், செந்துறைப் பக்கத்து ஊர்களுக்குப் போக ரோடுதான் கதி. பஸ் எப்போதாவது வருகிற கரிசல் காட்டு ஊர்களில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர் ஆஸ்பத்திரிக்கும் தாலுகா ஆபீசுக்கும் ஊருக்கே வாகனமாக இருந்தார். அந்த வண்டியை எடைக்குப் போடும்போது ஊரின் போக்குவரத்துச் சரித்திரத்தில் ஒரு பக்கமும் சேர்ந்து போய்விடுகிறது. அதனால்தான் இந்த வேலையை அவசரமில்லாமல், வரிசை தெரிந்து செய்ய வேண்டியிருக்கிறது.

மீட்பதற்குப் புல்லட்டைவிடத் தோதான பழைய வண்டி தமிழ்நாட்டில் கிடைப்பது அரிது. காரணம் சென்னை திருவொற்றியூரில் இருந்த ஆலை. 1950களின் முற்பகுதியில் இந்திய அரசு ராணுவத்துக்காக 350 சிசி புல்லட்டுகளை இங்கிலாந்திலிருந்து வாங்கியது. அதைத் தொடர்ந்து 1955-இல் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். சில ஆண்டுகளில் பாகங்களையும் திருவொற்றியூரிலேயே செய்யத் தொடங்கினார்கள். 1970-இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு மூடப்பட்ட பிறகும் சென்னையில் அதே வார்ப்பிரும்பு இன்ஜின் தொடர்ந்து வந்தது. 1977-இலிருந்து பிரிட்டனுக்கே ஏற்றுமதியானது. அடிப்படை வடிவம் அரை நூற்றாண்டு மாறாததால், 1960களின் வண்டிக்கு 1990களில் செய்த பாகம் பல இடங்களில் அப்படியே பொருந்துகிறது. சென்னை புதுப்பேட்டையில் ஒரு நாள் அலைந்தால் முக்கால்வாசி கிடைத்துவிடும்.

மைசூரில் 1961 முதல் தயாரான ஜாவா, பிறகு 1973-இல் எஸ்டியாகப் பெயர் மாறிய அதன் தம்பி, போலந்து வடிவத்தில் எஸ்கார்ட்ஸ் செய்த ராஜ்தூத் 175 ஆகியவற்றுக்கு அத்தனை வசதி இல்லை. எஸ்டி 1996-லேயே நின்றுவிட்டது. அவற்றின் பிரியர்கள் ஒருவருக்கொருவர் பாகம் தேடிக் கொடுத்துத்தான் வண்டிகளை ஓட வைத்திருக்கிறார்கள்.

வண்டியில் ஸ்பேனர் வைப்பதற்கு முன்னால் பீரோவைத் திறக்க வேண்டும். ஆர்.சி. புக் இருக்கிறதா? அதிலுள்ள சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் இருப்பவைதானா? எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துப் பார்த்துவிடலாம். இந்தப் பகுதியில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. பெரம்பலூர் 1995 வரை திருச்சி மாவட்டத்தில் இருந்தது. அரியலூர் 2001-இல் தனி மாவட்டமாகி, 2002-இல் மறுபடி பெரம்பலூருடன் சேர்ந்து, 2007-இல் மீண்டும் பிரிந்தது. ஆகவே டி.என். 46, டி.என். 61 என்ற இன்றைய எண்கள் பழைய வண்டியில் இருக்காது. 1980களின் கடைசிவரை பதிவான வண்டியில் மூன்றெழுத்தும் எண்ணும் மட்டுமே இருக்கும். பதிவும் திருச்சியில் நடந்திருக்கும். அந்தக் காலத்துப் பேரேட்டு விவரம் ‘வாகன்’ கணினித் தொகுப்பில் ஏறாமல் இருந்தால், முதலில் அதை ஏற்றச் சொல்லி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

உரிமையாளர் இறந்துவிட்டிருந்தால் வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31, ஆர்.சி. தொலைந்திருந்தால் போலீஸ் சான்றோடு படிவம் 26, 15 ஆண்டு கடந்த வண்டியின் பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25. இவற்றோடு இன்ஷூரன்ஸ், பசுமை வரி, தாமதக் கட்டணம். கணக்குப் பார்த்தால் பெயிண்ட் செலவை எட்டிவிடும். 50 ஆண்டு கடந்த வண்டிக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. அதன்படி ‘வின்டேஜ்’ என்று பதியலாம். புதிதாகப் பதியக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஏற்கெனவே பதிவெண் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் வண்டி மூல வடிவத்தில் இருக்க வேண்டும், தினசரி ஓட்டத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. தினமும் வயலுக்குப் போக நினைப்பவர் சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பதே நல்லது.

காகிதம் தெளிந்த பிறகு இன்ஜின். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக இரண்டு மூன்று ஸ்பூன் இன்ஜின் ஆயிலை ஊற்றிவிட்டு விலகிவிட வேண்டும். அது ரிங்குகளுக்கு நடுவே இறங்க நாள் பிடிக்கும். பிறகு டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்துப் பார்ப்பார்கள். துளி அசைந்தால்கூட நல்ல சகுனம். அசையவில்லையென்றால் மறுபடி ஆயில், மறுபடி காத்திருப்பு. அப்போதும் மறுத்தால் சிலிண்டரைக் கழற்றத்தான் வேண்டும். புல்லட்டில் கவனிக்க இன்னொன்று உண்டு. அதன் ஆயில் அறை கிராங்க் பெட்டியோடு சேர்ந்தே வார்க்கப்பட்டது. நெடுநாள் நின்றால் ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் இருக்கும் பள்ளத்தில் தேங்கிவிடும். அதை அறியாமல் ஸ்டார்ட் செய்தால் புகை மூட்டம் எழும், சீல்கள் வழியே ஆயில் பீறிடும். பழைய ஆயிலை முழுக்க வடித்து, ஃபில்டரை மாற்றி, புது ஆயில் ஊற்றிய பிறகே அடுத்த பேச்சு.

பிரிப்பதிலும் ஒழுங்கு வேண்டும். பழைய புல்லட்டில் நட்டு போல்ட்டுகள் பல பிரிட்டிஷ் அளவில் இருக்கும். மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். அதற்குப் பிறகு உளியும் சுத்தியும்தான். ஒவ்வொரு பாகத்தையும் எடுக்குமுன் செல்போனில் படம் எடுப்பதும், எடுத்ததைப் பெயரெழுதிய டப்பாக்களில் போடுவதும் இளைஞர்கள் கொண்டுவந்த நல்ல பழக்கங்கள். முன்பு அந்தப் பட்டியல் முழுக்க மெக்கானிக்கின் தலைக்குள் இருந்தது. கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு இளவயதில் ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து மாட்டித்தான் இயந்திரங்களைக் கற்றார். நம் சிற்றூர்ப் பட்டறைகளில் வேலை கற்றவர்களும் அதே வழியில் வந்தவர்களே. வார்ப்பிரும்பு இன்ஜினின் சத்தத்தை வைத்தே டேப்பட் இடைவெளி சொல்லும் பெரியவர் பக்கத்தில் இருந்தால், வேலையை அவரிடம் கொடுத்துவிட்டு வருவதைவிட உடன் உட்கார்ந்து பார்ப்பது நல்லது. புதுப்பேட்டையில் பாகம் கிடைக்கும், அந்தக் காது கிடைக்காது.

அடுத்தது பெட்ரோல் டேங்க். பாதி பெட்ரோலோடு நின்ற டேங்கின் மேல்பாதி உட்புறம் முழுக்கத் துருவேறியிருக்கும். மிஞ்சிய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி பழுப்பாக, புளித்த வாடையோடு இருக்கும். அதை வடித்துவிட்டு, சிறு நட்டுகளையோ ஜல்லித் துண்டுகளையோ போட்டு மண்ணெண்ணெய் விட்டுக் குலுக்கினால் உதிர்துரு வந்துவிடும். ஒட்டிய துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி. கழுவிய அன்றே வெயிலில் காயவைத்து உள்ளே ஆயில் பூச்சு கொடுக்காவிட்டால் மறுநாளே புதுத் துரு படியும். ஓட்டை இருக்கிறதென்று உடனே வெல்டிங்குக்குக் கொண்டுபோவது உயிருக்கு ஆபத்து. காலி டேங்கில் நிற்கும் பெட்ரோல் ஆவி ஒரு பொறிக்கே வெடிக்கும்.

இன்றைய பெட்ரோலும் பழைய வண்டிக்குப் புது எதிரி. 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்த 20 சதவீத எத்தனால் கலப்பு, 2025-இல் நாடெங்கும் பரவிவிட்டது. பெரம்பலூர்க் கரிசலின் முக்கியப் பயிரான மக்காச்சோளத்திலிருந்தும் எத்தனால் வடிக்கிறார்கள் என்பதால் விவசாயிக்கு இதில் லாபம் உண்டு. ஆனால் எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் ஹோஸையும் வாஷரையும் ஊறவைத்துப் பொத்தலாக்கும். மீட்கும்போதே பெட்ரோல் ஹோஸ், கார்புரேட்டர் வாஷர், டேப் ரப்பர் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுவதே விவேகம். சில வாரம் ஓட்டப்போவதில்லை என்றால், டேப்பை மூடி, கார்புரேட்டரில் உள்ளது தீரும்வரை இன்ஜினை ஓடவிட்டு நிறுத்த வேண்டும். கார்புரேட்டரின் ஜெட் அடைத்திருந்தால் கம்பியால் குத்தக் கூடாது. துளை நூலளவு பெரிதானாலும் மைலேஜும் இழுவையும் போய்விடும். கரைப்பானில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும்.

கரண்ட் வேலையில் முதலில் எலியைத் தேட வேண்டும். தானியம் வைத்த இடத்தில் நின்ற வண்டியின் வயரை எலி விடாது. ஒட்டுப்போட்டு ஓட்டுவதைவிட முழு வயரிங்கையும் மாற்றுவது பாதுகாப்பு. பாயின்ட்டின் முகத்தை மெல்லிய எமரித் தாளால் துடைத்து, இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வைத்து, கண்டென்சரைக் கேள்வி கேட்காமல் மாற்றிவிடுவார்கள். பிரேக்கைத் திறக்கும்போது தூசியை வாயால் ஊதுவது நம் பட்டறைகளில் சகஜம்; அதை நிறுத்த வேண்டும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத் துணியால் துடைத்துத் துணியை அப்புறப்படுத்துவதே சரி.

டயரில் கட்டை தேயாமல் இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருந்தால், அது தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். வெடிப்பு விட்ட ரப்பர் வேகத்தில் கிழியும். எம்.ஆர்.எஃப். நிறுவனத்துக்கு நாரணமங்கலத்தில் ஆலையே இருக்கிற மாவட்டத்தில் டயருக்குக் கஞ்சத்தனம் வேண்டாம்.

எல்லாம் முடிந்து பெயிண்டுக்கு வரும்போதுதான் பெரிய சபலம் வருகிறது. ஹேண்டில்பாரை உயர்த்தலாமா, அலாய் வீல் போடலாமா, சைலன்சரை மாற்றலாமா என்று கேட்பார்கள். வெட்டிய சேஸிஸை மறுபடி பழையதாக்க முடியாது. வின்டேஜ் பதிவும் கைவிட்டுப் போகும். மேலாக ஓடும் துருவை மெல்லத் தேய்த்தெடுக்கும் பொறுமை இருந்தால் தாத்தா காலத்து பெயிண்டையே துடைத்து மெருகேற்றி வைத்துக்கொள்ளலாம். அதில் அவர் முழங்கால் உரசிய தேய்மானம்கூட இருக்கும். புது பெயிண்ட்தான் என்று முடிவானால், டேங்கின் பொன்னிறக் கோட்டை ஸ்டிக்கராக ஒட்டாமல் கையால் இழுக்கத் தெரிந்தவரைத் தேடுவது மரியாதை. திருவொற்றியூரில் அந்தக் கோட்டை நீண்ட முடித் தூரிகையால், அளவுகோல் இல்லாமல், ஒரே மூச்சில் இழுத்தார்கள்.

இப்போது கிக். பாயின்ட் வைத்த பழைய புல்லட்டில் இதற்கு ஒரு முறை உண்டு. சாவியைத் திருப்பிவிட்டு ஆம்பியர் மீட்டரைப் பார்க்க வேண்டும். கிக்கரை மெல்ல அழுத்தும்போது முள் கழித்தல் பக்கம் சாய்ந்து, பாயின்ட் திறந்ததும் நடுவுக்கு வரும். அந்த இடத்தில் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு பிஸ்டனைச் சற்றே தாண்டவிட்டு, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழுக் காலோடு ஒரே மிதி. இந்த முறை தெரியாமல் மிதித்துத் திருப்பி அடி வாங்கிய கணுக்கால்கள் ஏராளம். புது வண்டி ஓட்டிப் பழகியவர் நினைவில் வைக்க வேண்டியது இன்னொன்று: கியர் வலது காலில், முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே, பிரேக் இடது காலில். அவசரத்தில் வலது காலை அழுத்தினால் வண்டி நிற்காது, கியர் மாறும்.

பெரம்பலூர்க்காரர்கள் முதல் ஓட்டத்துக்குச் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்குப் போவார்கள். அங்கே வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் நடை திறந்திருக்கும். அரியலூர்க்காரர்களுக்கு ஜெயங்கொண்டம் வழியாக கங்கைகொண்ட சோழபுரம். நான்கு வழிச் சாலையையும் சிமென்ட் லாரிகள் ஓடும் தடங்களையும் சில வாரம் தவிர்ப்பது நல்லது. போர் போட்ட இன்ஜின் என்றால் முதல் 500 கி.மீ.க்கு 50-ஐத் தாண்டாமல், ஒரே வேகத்தில் நெடுநேரம் பிடிக்காமல், இடையிடையே நிறுத்தி ஆறவிட்டு ஓட்ட வேண்டும். பிறகு ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்கி, டேப்பட் பார்த்து, ஆயிலை வெள்ளைத் தட்டில் வடித்து வெயிலில் சாய்த்துப் பார்ப்பார்கள். கறுத்திருந்தால் கவலையில்லை. பித்தளைத் தூள் மின்னினால் கிராங்க் வரை மறுபடி பிரிக்க வேண்டியிருக்கும்.